சீர்ப் பாத்திரங்களுக்குப் பின்னால்

மூன்றாவது முறையாக அலுவலக வீடியோ அழைப்பு அறுந்ததும் மேலாளர் ரவிதேஜா செல்பேசியில் வந்தான். "திங்கக்கிழமை கிளையன்ட் கால். அதுவும் கட் ஆச்சுன்னா வீட்டிலிருந்து வேலையெல்லாம் வேண்டாம். பெங்களூருக்கே வந்துடு."

நான் பெங்களூர் போனால் என் மகள் ஷ்ரவ்யா வெள்ளகோவிலுக்குப் போவாள். அந்த ஊர்க்காரரான மாமியார் பத்மாவதி அதற்குத்தான் இங்கே வந்து தங்கிக் காத்திருக்கிறார். மனைவி மௌனிகா இறந்து ஐந்து மாதம். மகளுக்கு இரண்டு வயது.

சனிக்கிழமை காலை இணைய நிறுவனத்திலிருந்து ஆல்வின் துடியலூர் வீட்டுக்கு வந்தார். ரவுட்டரைத் தன் செல்பேசியில் திறந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், யாருங்க இதைய செட் பண்ணுனது?"

"மச்சினன் நவநீத்."

"வைஃபைக்கு ரெண்டு பாயின்ட் நாலு, அஞ்சுன்னு ரெண்டு அலைவரிசைங்க, ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சுப்போட்டாருங்க. அஞ்சு வேகமுங்க, செவுரு தாண்டாது. ரெண்டு பாயின்ட் நாலு தாண்டும், வேகம் கம்மி. உங்க லேப்டாப் ரெண்டுக்கும் நடுவுல தாவிக்கிட்டே கெடக்குது. தாவறப்பவெல்லாம் கால் கட்டு."

"அஞ்சு பெருசா, ரெண்டு பெருசா மாமா?" என்று இதைப் பொருத்தும்போது நவநீத் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் இன்ஜினியரிங் படித்தவன். கேட்காமல் தலையாட்டினேன். மௌனிகா இறந்த அந்த வாரம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆல்வின் பெயர்களைப் பிரித்தார். செல்பேசியைப் பிடித்தபடி ஹாலிலிருந்து என் பின்னறைக்கு நடந்தார். இடையிலுள்ள நடைவழியில் நின்றுவிட்டார். தரையிலிருந்து கூரை வரை அலமாரி. அண்டா, குத்துவிளக்கு, தூக்கு, தவலை. மௌனிகா கல்யாணத்துக்கு வந்த சீர்.

"பாத்திரக் கடைங்களா சார்? இத்தனை பித்தளையைத் தாண்டி அஞ்சு எங்கீங்க வரும்? ரெண்டு பாயின்ட் நாலே நொண்டுது. அக்கம்பக்கத்து ஊட்டு வைஃபை பதினேழும் அதே ரோட்டுல ஓடுது. வயரு இழுக்கோணும்னாலும் இதைய எடுத்துத்தானுங்க ஆவோணும்."

அத்தை சமையலறையிலிருந்து வந்தார்.

"எடுத்துக்கறேனுங்க மாப்ளை. நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன். திங்கக்கிழமைக்கு வண்டி சொல்லிப்போடறேன்."

"பாத்திரத்தை நகர்த்தறதைப் பத்தித்தான் பேசறோம் அத்தை."

"சீரு பொறந்த ஊட்டுக்குப் போனா கொழந்தை மட்டும் இங்கெதுக்குங்க?"

எங்கள் குடும்பங்களில் வழக்கம் அதுதான். சீர் வீட்டில் இருந்தால் அது குழந்தைக்கு. குழந்தையும் அங்கேயே இருக்கும். சீர் திரும்பினால் உறவு தீர்ந்தது. அதனால்தான் ஐந்து மாதமாக அந்த அலமாரியை யாரும் தொடவில்லை. இப்போது ஒரு வயருக்காக நானே அதைத் திறந்துவிட வேண்டுமாம்.

"ஒரு கரண்டியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது!" அண்டாவை ஓங்கி அறைந்தேன். வீடு முழுக்க அதிர்ந்தது. ஷ்ரவ்யா வீறிட்டாள். ஆல்வின் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கத்துங்க, நல்லாக் கத்துங்க," என்றார் அத்தை. "பெங்களூர் போனா இவளை யாரு பாப்பா? உங்க கம்ப்யூட்டரா?"

நான் ஆல்வினிடம் திரும்பினேன். "வேற வழி?"

"பாத்திரத்தைத் தொடக்கூடாதுன்னா ஒண்ணுதானுங்க சார். அஞ்சுதான் வேணும்னா நீங்க ஹாலுக்கு வந்தரோணும்."

ஹாலில் மௌனிகாவின் படம் இருக்கிறது. கீழே ரவுட்டர். நான் அங்கே உட்காருவதில்லை. சாப்பாடுகூடப் பின்னறையில்தான்.

மேசையை நானே இழுத்தேன். ஆல்வின் கை கொடுக்க வந்தார், வேண்டாமென்றேன். கதவில் முட்டியது. காலால் உதைத்துத் தள்ளினேன். பிளக் இருந்த இடம் படத்துக்கு நேர் எதிர். மேசையை அங்கேயே போட்டேன். அஞ்சில் இணைந்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணி. ரவிதேஜாவும் கிளையன்ட் ஆட்கள் இரண்டு பேரும். இருபது நிமிடம் ஆனபோது ஷ்ரவ்யா வந்து என் மடியில் ஏறினாள். அத்தை சமையலறை வாசலில் நின்றார். தூக்கிப்போக வரவில்லை.

"குழந்தையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் அனுப்பு," என்றான் ரவிதேஜா. ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"அனுப்ப மாட்டேன். இவ இங்கேதான் இருப்பா. அடுத்த ஸ்லைடு."

கிளையன்ட் ஆட்களில் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஐம்பது நிமிடம். ஒருமுறைகூட அறுபடவில்லை.

லேப்டாப்பை மூடியதும் அத்தை சொன்னார்: "வண்டி வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க."

"வரச் சொன்னதே தப்பு," என்றேன்.