ஓதெத்தின் அருவாமனை

கூட்டத்துக்கு வந்திருந்தது மொத்தம் நாலு ஜோடி. அதற்கு ஒரு மைக், ஒரு குத்துவிளக்கு, ஒரு பொன்னாடை. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, ஆலோசகர் ஜானகிராமனுக்கு மைக் பிடிக்கிற வியாதி உண்டு. உப்பளத்து ழான்-மரியையும் ஓதெத்தையும் ‘இலட்சியத் தம்பதி’ என்று மேடைக்கு அழைத்து, ஒரே பொன்னாடையை இருவர் தோளிலும் போர்த்தினார்.

ழான்-மரி பிரெஞ்சு ராணுவத்தில் ‘சொல்தா’ என்கிற சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஓதெத்துக்கு அந்தக் கிருமி, செத்துப்போன முதல் புருஷன் விட்டுச்சென்ற ஒரே சொத்து. தெரிந்தேதான் ழான்-மரி அவளைக் கட்டிக்கொண்டார். தெரிந்தேதான் என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லவும் செய்வார்.

அன்றும் சொன்னார். கூடவே, ஆறு வருஷமாக அவளை அருவாமனையைத் தொட விட்டதில்லை, விரலில் பட்டுவிட்டால் என்ன ஆவது, மீன் வெட்டுவதெல்லாம் தான்தான் என்றார். கைதட்டினார்கள். ஜானகிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓதெத் மைக்கை வாங்கினாள்.

“நல்லாத்தான் பாத்துக்கிறாரு. எனக்கு மறந்தாலும் மாத்திரை நேரம் அவருக்கு மறக்காது. ஆனா செத்த மீன மறுபடியும் கொல்றாருங்க.”

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“ரத்தத்துல கிருமி தெரியவே இல்ல, பயப்படாம பொழங்குங்கன்னு டாக்டரம்மா சொல்லி மூணு வருஷம் ஆவுது. இவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.” அவர் பக்கம் திரும்பி, எப்போதும் கூப்பிடுகிற பிரெஞ்சு மரியாதையோடு கேட்டாள். “எனக்கு என் அருவாமனை வேணும், முசே. நான் வெட்டுன மீன நீங்க தின்னணும்.”

ஸ்கூட்டரில் வழியெல்லாம் சொல்தா தன்னை உறுத்தியதற்குப் பெயர் தேடினார். அவமானம் என்று நினைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. ஒரே தலையணையில் படுக்கிறவருக்கு ஒரு சொட்டு ரத்தத்தின் மேல் பயம். அதற்குத்தான் இத்தனை நாளும் அக்கறை என்று சட்டை மாட்டி மேடையேற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து சங்கரா மீன் வாங்கி வந்தார். பீரோ மேல் துண்டில் சுற்றி வைத்திருந்த அருவாமனையை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து அவள் முன்னால் வைத்தார். பிறகு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மடியில் பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி. இரண்டு கையிலும் ரப்பர் உறை.

“ஆப்பரேஷனா, முசே?”

“நீ வேலயப் பாரு.”

அவள் செதில் சீவினாள். கை எதையும் மறந்திருக்கவில்லை. செதில் ஒன்று பறந்துபோய் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிட ஈரக்கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள்.

ழான்-மரி உறையைக் கழற்றவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.