சஷ்டி விருந்துக்கு மறுநாள்

நான் மூட்டு டாக்டர். "தினம் தட்டுல விழறதுதான் மூட்டுல வீங்குது. இனிப்பு, பொரிச்சது, ஆட்டுக்கறி எதையும் தொடாதீங்க" என்று போன மாதம் ஸ்ரீராம்பூரில் இருக்கும் என் மாமியாரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டவன். பாவம், அன்றே அவர் உப்புச்சப்பில்லாத பப்பாளிக்காய்க் குழம்புக்கு மாறிவிட்டார்.

நேற்று வங்காளிகளின் ஜமாய் சஷ்டி. மாமியார் பட்டினி கிடந்து மருமகனுக்கு ஆக்கிப்போட்டு, அவன் கை கழுவும்வரை பனையோலை விசிறியால் வீசும் நாள். லூச்சிப் பூரி, ஆட்டுக்கறி, ஹில்சா மீன் சினை, ரசகுல்லா எல்லாம் வந்தன. வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி தட்டை நீட்டினேன். வீங்கிய மணிக்கட்டோடு அவர் வீசிக்கொண்டே இருந்தார்.

"மெதுவா டாக்டரே, உங்க பேஷண்ட் பக்கத்துலதான் நிக்கிறாங்க" என்றாள் மனைவி சுதேஷ்ணா. நான் சிரித்தேன்.

விடிந்தபோது என் கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது.

மாமியார் பப்பாளிக் குழம்போடு வந்தார்.

"நான் ஆக்கினதுதான் உங்களுக்கு ஒத்துக்கல. மன்னிச்சிடுங்க மாப்ளே."

தரையில் உட்கார்ந்து, அதே விசிறியால் என் பாதத்துக்கு வீச ஆரம்பித்தார். காலை இழுத்துக்கொள்ளக்கூட என்னால் முடியவில்லை.