இரண்டிலிருந்து எட்டு டிகிரி வரை

என் மனைவி கோகிலவாணியின் மருந்து நலமாக இருக்கிறது. பெருந்துறையில் வண்டி வேகத்தடை மேல் ஏறியபோது சற்றுப் பயந்துவிட்டது. அவிநாசி வருவதற்குள் தேறிவிட்டது. கைப்பேசியில் செய்தி வந்தது.

மருந்துப் பெட்டிக்குள் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். சூடு, குலுக்கல், வெளிச்சம், மனவருத்தம் எல்லாவற்றையும் அது அளந்து அனுப்புகிறது. இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் இருந்தால் பச்சை விளக்கு. தாண்டினால் சிவப்பு விளக்கு, அலாரம்.

கோகிலவாணி கட்டிலில் கிடந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை. இந்த வாரத்துக்குள் ஊசி போடாவிட்டால் அப்புறம் போட்டும் புண்ணியமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு எங்கிருந்தும் செய்தி வரவில்லை.

"மருந்து தூங்குதாம்" என்று படித்துக் காட்டினேன்.

"குடுத்து வெச்சது" என்றாள்.

மத்தியானம் பெட்டி மருந்து அனுப்பும் கம்பெனியின் கிடங்குக்கு வந்துவிட்டது. பயணக் களைப்பில் இருப்பதால் அது வீடு வரை வராது, நான்தான் நேரில் போக வேண்டும் என்றார்கள். போனேன்.

கிடங்கில் நீளமான நடைவழி. அதன் கடைசியில் ஒரு மேஜை தெரிந்தது. நடந்தேன். மேஜை தள்ளிப் போயிற்று. வேகமாக நடந்தேன். இன்னும் தள்ளிப் போயிற்று. ஸ்வெட்டர் போட்ட காவலாளி ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"அண்ணா, சூடா இருக்கறீங்க. சூடு பட்டா நடவழி நீண்டுருமுங்க."

"வெயில்ல வந்தேன்."

"இது வெயில் சூடு இல்லீங்க. கோவம்."

உண்மைதான். பெட்டிக்குக் குளிர்சாதன வண்டி. எனக்கு நின்றுகொண்டே வந்த டவுன் பஸ். கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் மேஜை வேண்டுமே. சுவரைப் பார்த்து நின்று கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆஸ்பத்திரி மேல் இருந்ததை விட்டேன். கிடங்கின் மேல் இருந்ததை விட்டேன். மாமனார் மேல் இருந்த பழைய கோபத்தைக்கூட விட வேண்டியிருந்தது. மேஜை வந்து வயிற்றில் இடித்தது.

மேஜைக்குப் பின்னால் நவனீதன் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாலு பேர் பெட்டியைக் கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் மெதுவாகக் கொண்டுவந்தார்கள். திறந்தார்கள். தெர்மகோல். ஐஸ் பைகள். நடுவில் தீப்பெட்டி அளவுக்குச் சென்சார், பச்சை விளக்கோடு. வேறு ஒன்றும் இல்லை.

"மருந்து எங்க?"

"எடுத்துட்டமுங்க."

"ஏன்?"

"இங்க எறக்குனதுல இருந்து, அது உள்ள இருந்தவரைக்கும் அலாரம் அடிச்சுட்டே இருந்துச்சுங்க. எடுத்த பொறவு சத்தமே இல்ல. இவ்வளவு நல்லா வந்து சேந்த சரக்கு எங்க கம்பெனியில இதுதானுங்க மொதல்."

பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மருந்து இப்ப எங்க இருக்கு?"

ஜன்னலைக் காட்டினார். வெளியே மொட்டை வெயிலில் ஊர்ப்பட்ட மருந்து குவிந்து கிடந்தது. ஒரு நாய் அதன் மேல் ஏறியது. கால் சுட்டு இறங்கிவிட்டது.

"கெட்டுப்போயிருக்குமே."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சென்சார் இங்க பெட்டியிலதான இருக்குது."

"அப்ப நல்லா இருக்கா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க."

"பரவால்ல. அதையே குடுங்க."

"கண்காணிக்காத மருந்தக் குடுக்கலாமுங்களா? உங்க ஊட்டம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ரொம்ப நல்ல மனிதர். அவருக்கு என் மனைவி மேல் நிஜமாகவே அக்கறை இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இதக் கொண்டுபோய் ஊட்டம்மா கையில ஒட்டுங்க. ராப்பகலா நாங்க பாத்துக்கறோம்" என்று சென்சாரை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படி வீட்டுக்குள் நுழைவது?

"வந்துருச்சுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"வந்துருச்சு."

மணிக்கட்டில் ஒட்டினேன். விளக்கு சிவப்பானது. அலாரம் வீட்டைத் தூக்கியது. உடனே நவனீதன் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"அண்ணா, சரக்கு ரொம்பச் சூடா இருக்குதுங்க."

"அது சரக்கு இல்ல. என் சம்சாரம்."

"எட்டு டிகிரியத் தாண்டக் கூடாதுங்க."

"எட்டு டிகிரில மனுஷி செத்துப்போவா."

"அது ஆஸ்பத்திரி சமாச்சாரமுங்க. நாங்க சூட்ட மட்டும்தான் பாக்கறோம்."

யாரோ கதவைத் தட்டினார்கள். குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். அவள் படுத்த படுக்கையான பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்காத வாசல். கீழ் வீட்டு அருக்காணி அக்கா முன்னால் வந்தார்.

"தம்பி, அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்திருங்க. டிவி ஒண்ணுமே கேக்கமாட்டீங்குது."

கோகிலவாணியும் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

சென்சாரைப் பிய்த்து எடுத்தேன். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கும் தக்காளிக்கும் நடுவில் வைத்தேன். சத்தம் மெல்ல அடங்கியது. விளக்கு பச்சையானது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

"நல்லாயிருச்சா? சந்தோசம் தம்பி" என்று சொல்லிவிட்டு அருக்காணி அக்கா எல்லோரையும் அழைத்துக்கொண்டு இறங்கினார்.

கைப்பேசி ஒலித்தது.

"என்ன வந்திருக்குது? படிங்க" என்றாள் கோகிலவாணி.

"கோகிலவாணிக்கு உடம்பு சரியாகிவிட்டது. வாழ்த்துகள்" என்று படித்தேன்.

"ஏனுங்க, எனக்கு நல்லாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

அவள் சிரித்தாள். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"அப்பச் செரி. காத்தால இருந்து நீங்க ஒண்ணும் சாப்புடல. எந்திரிச்சு சோறாக்கறேன்" என்று கையை ஊன்றினாள். கை வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாளே. அரிசி டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.