எவரிஸ்தோவின் மூக்கு

ஆகஸ்ட் மாதத்தில் ஸ்பெயினின் கந்தியா கடற்கரையில் முதல் வரிசை வேண்டுமென்றால் சூரியனுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். குடையை மணலில் நட்டு, அடியில் நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டால் இடம் நம்முடையது. ஆளில்லாத குடைகளைப் பிடுங்கிக்கொண்டு போவோம் என்று நகராட்சி பலகை வைத்திருக்கிறது. அந்தப் பலகைக்கு அடியிலும் ஒரு குடை நிற்கும்.

நான் குடையை நட்டுவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பி, என் புருஷன் காசிமீரோவை எழுப்பி, உடுத்தி, கைத்தாங்கலாகக் கூட்டி வருவேன். சொந்த ஊர் அல்பசேத்தேயில் எங்களுக்கு இறைச்சிக் கடை. ஆட்டு விலாவை ஒரே வெட்டில் பிளக்கிற கை அவனுடையது. போன வசந்தத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கத்தைத் தின்றுவிட்டது. கால் கொஞ்சம் தேறியது, கை தேறவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் சுவரில் விட்டெறிந்தான். கெஞ்சிக் கூத்தாடி ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்க வைத்தேன். அலை ஓரத்து ஈர மணலில் வலது கையைப் புதைத்து, ஒரு பிடி மணலை உள்ளங்கையில் இறுக்கப் பார்ப்பான். விரல் மடங்காது. இந்த விடுமுறையிலும் மடங்காவிட்டால் கடையை விற்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். பின் வரிசையிலிருந்து அத்தனை குடைகளையும் கயிறுகளையும் தாண்டி அவனால் தண்ணீருக்குப் போக முடியாது. அதனால்தான் முதல் வரிசை.

ஒரு நாள் வந்து பார்த்தால் குடை ஒரு முழம் தள்ளி நின்றது. காற்று என்று நினைத்தேன். அடுத்த நாள் இரண்டாம் வரிசையில் கிடந்தது. காற்றுக்கு அவ்வளவு கொழுப்பு கிடையாது. என் குழியில் நீலக் கோடு போட்ட குடை நின்றது. கீழே எவரிஸ்தோ, மாட்ரிதில் டாக்சி ஓட்டுகிறவன், தொப்பையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய இரண்டு தடிமாட்டு மகன்கள்.

"என் குடையப் புடுங்கினது யாருய்யா?"

"கடல் எடுத்திருக்கும்மா. கோவிச்சுக்காம பின்னாடி போடுங்க."

"உன் தொப்பைக்கு முதல் வரிசை, என் புருஷன் காலுக்குக் கிடையாதா?"

"நொண்டிக்கு எதுக்கு முதல் வரிசை? ஓடிப்போய் நீந்தப் போறாரா?"

காசிமீரோ காதில் விழும்படியே சொன்னான். காசிமீரோ இடது கையால் என் சட்டையை இழுத்தான்.

"வா, எர்மீனியா. ஊருக்கே போயிடலாம்."

எவரிஸ்தோ சொன்னதைவிட இதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் குடைக்கம்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். காசிமீரோவோடு திரும்பி வந்தபோது எவரிஸ்தோ அதைக் கட்டிப்பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். மேல் துண்டு குடையோடு கழன்று வர, தண்ணீரில் வீசினான். காசிமீரோவை நாற்காலியில் உட்கார வைத்தேன். மண்ணில் மிச்சமிருந்த கம்பைப் பிடுங்கி எவரிஸ்தோவின் மண்டையில் போட்டேன்.

ரத்தம் புருவம் வரை வழிந்தது. பெரிய மகன் என் மணிக்கட்டை முறுக்கினான். அவன் புஜத்தைப் பல் பதியக் கடித்தேன், வாயெல்லாம் எண்ணெய். பக்கத்துக் குடைக்காரி பாதி தர்ப்பூசணியைச் சின்னவன் முகத்தில் அடித்தாள். எப்போதும் பேப்பரும் கையுமாக இருக்கும் சாதுவான மனிதர் ஒருவர் எழுந்து வந்து பெரியவன் வயிற்றில் உதைத்தார். முதல் வரிசையில் எல்லோருக்கும் ஏதோ பழைய பாக்கி இருந்திருக்கிறது. நாற்காலிகள் பறந்தன. ஐஸ் பெட்டி உடைந்து பீர் உருண்டது.

எவரிஸ்தோ காசிமீரோவின் நாற்காலியை உதைத்தான். அது காசிமீரோவோடு சேர்ந்து மடங்கிச் சாய்ந்தது. நான் ஓடினேன். எவரிஸ்தோ பின்னாலிருந்து என் முடியைப் பிடித்துக் கீழே தள்ளி, கழுத்தில் முழங்காலை வைத்தான்.

"குடைய அள்ளு. அள்ளிக்கிட்டு ஓடு."

வாயில் மணல். மூச்சு வரவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. வெட்டுக்கத்தியின் பின்பக்கம் எலும்பில் விழும்போது எங்கள் கடையில் கேட்கிற சத்தம். கழுத்தின் மேலிருந்த பாரம் போய்விட்டது.

எவரிஸ்தோ மூக்கைப் பொத்திக்கொண்டு மல்லாந்து கிடந்தான். காசிமீரோ முட்டி போட்டிருந்தான். இடது கை மணலில் ஊன்றியிருந்தது. ஊன்றாத கை ஒன்றுதான் மிச்சம்.

காவலர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"மூக்க ஒடச்சது யாரு?" என்றார் மூத்தவர்.

"இந்த நொண்டிதான் சார்," என்றான் எவரிஸ்தோ.

மூத்தவர் காசிமீரோவின் மடியில் துவண்டு கிடந்த கையைப் பார்த்தார். "வெக்கமா இல்ல? பக்கவாதம் வந்த மனுஷன் மேல பழி போடுறீங்க."

"அந்தக் கையால கரண்டியக்கூடத் தூக்க முடியாது," என்றார் பேப்பர்காரர். உதவி செய்கிறாராம்.

"ஆமா," என்றான் காசிமீரோ, குழறலாக. "என் கை வராது."

தப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. அடித்தது அந்தக் கைதான் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "உசிரக் காப்பாத்திக்க நீங்கதான் அடிச்சீங்க, இல்லையாம்மா?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"மண்டையில போட்டது நான்," என்றேன். "மூக்கு நான் இல்ல. அது என் புருஷனோட வலது கை."

"யோசிச்சுப் பேசுங்க. அவரக் கூட்டிட்டுப் போக வேண்டி வரும்."

"தாராளமா. யோவ் எவரிஸ்தோ, எந்தக் கைன்னு சொல்லு."

"வலதுதான்."

"விரிச்சு அடிச்சாரா, மடக்கியா?"

"மடக்கித்தான்மா. விரிச்ச கையில எவன் மூக்கு இப்படி ஒடையும்?"

அந்த ரத்த மூஞ்சியை முத்தமிட்டிருப்பேன். காசிமீரோ நிமிர்ந்து அந்த மூக்கை வெகுநேரம் பார்த்தான். பிறகு வலது கையை ஈர மணலில் புதைத்தான். தோள் நடுங்க, கை மேலே வந்தது. மடங்கிய விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது. மணல் விழவில்லை.

"பாத்தீங்களா சார், பாத்தீங்களா," என்று கத்தினான் எவரிஸ்தோ.

நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"பயப்படாதீங்கம்மா. சாயங்காலம் விட்டுடுவோம்," என்று மூத்தவர் சமாதானம் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். காசிமீரோ வலது கையை நீட்டினான்.