சிவசங்கரன் சத்தியம் செய்வதில்லை

எந்த நாட்டில் கொண்டுபோய் இறக்கினாலும் சரி, விமான நிலையத்திலிருந்து டாக்ஸி பிடிப்பதற்குள் அந்த நாட்டை ஆள்வது மனிதனா கடவுளா என்று தம்மால் சொல்லிவிட முடியும் என்றார் சிவசங்கரன். சிரிக்காமல் சொன்னார். வாயில் பிரஷ்ஷோடு சொன்னதால் யாரும் லேசாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று, கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் ஒருமுறை சொன்னார்.

"அப்ப இந்த நாடு?" என்று கேட்டான் ஹபீப் முகம்மது.

"தியாக்ரஸி. கடவுளாட்சி. சந்தேகமே வேண்டாம்."

அரபு நாட்டுப் புஜைராவில் கம்பெனி கொடுத்த அந்த ஃப்ளாட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். திருச்சி சிவசங்கரன் எண்ணெய்த் தொட்டி கட்டும் கம்பெனியில் எஸ்டிமேட்டர். ஒரு தொட்டிக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில் மற்றதையும் சொல்லிக்கொண்டிருந்தார். கீழக்கரை ஹபீப் முகம்மது ஸ்டோர் பார்க்கிறவன். யாழ்ப்பாணத்துத் தியாகராசா ஆபீஸில் டைப் அடிக்கிறவர். மேல் ஃப்ளாட்டில் கம்பெனியின் பி.ஆர்.ஓ. மஹ்மூது இருந்தார். எகிப்துக்காரர், சட்டம் படித்தவர். யாருடைய விசாவும் அவர் மேஜையைத் தொடாமல் நகராது.

அது எண்பத்தாறாம் வருஷத்து ஜனவரி. குளிர்காலம்தானே என்று ஜன்னல் ஏ.சி.யை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவில்லை. சுவரில் இருந்த ஓட்டைக்கு ஒரு டீத்தூள் அட்டையைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

"தியாக்ரஸின்னா குருமாருங்க ஆளணும்ண்ணே," என்றான் ஹபீப். "இங்க எந்த ஆலிம்சா ஆளுறாஹ? இமாமுக்கே கவர்மெண்டுதான் சம்பளம் குடுக்குது. ஷேக் ஆளுறாஹ, அதுக்கு முன்ன அவுஹ வாப்பா ஆண்டாஹ. இதுக்குப் பேரு மன்னராட்சி. ஈரானைச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"சட்டம் யாரோடது?"

"ஷரீஅத் ஒரு முக்கிய ஆதாரம்னு சாசனத்துல போட்டிருக்கு. ஒரு ஆதாரம். ரவுண்டபவுட்டுல எவன் முதல்ல போறதுங்கிறது மார்க்கத்துலயா இருக்கு? அது எவனோ வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்துட்டுப் போனது."

"அஸ்திவாரம் கடவுளோடதா, இல்லையா? அஸ்திவாரம் யாருதோ தொட்டியும் அவருது. நான் தினம் பாக்கிற வேலை இது."

கட்டிலில் படுத்திருந்த தியாகராசா புரண்டு படுத்தார். "எங்கட நாட்டுச் சாசனத்திலை புத்த சமயத்துக்கு முதலிடம் எண்டு எழுதிக் கிடக்கு. அப்ப அது என்ன ஆட்சி அண்ணை?"

சிவசங்கரன் கொஞ்சம் யோசித்தார். "அது தனி கேஸ்."

"ஓம், தனிக் கேஸ்தான். அதாலைதான் நான் இஞ்சை வந்து உங்கடை கதையைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

கடைசி அஸ்திரமாக மீராசாவின் வழக்கை எடுத்தார் சிவசங்கரன். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் மீராசா, பக்கத்துக் கடைக்காரனுக்குக் கூல்டிரிங்க் ஃப்ரிட்ஜ் ஒன்றை இரவலாகக் கொடுத்தார். அன்பளிப்பாகத்தான் கொடுத்தார் என்று அவன் சாதித்தான். கோர்ட்டில் காஜியார் மீராசாவிடம் சாட்சி கேட்டார். சாட்சி இல்லை. அப்படியானால் மறுப்பவன் சத்தியம் செய்யட்டும் என்றார். பக்கத்துக் கடைக்காரன் "வல்லாஹி" என்றான். அல்லாஹ்வின் மேல் ஆணை. வழக்கு முடிந்தது.

"ஒரு வார்த்தை! ஒரு ஃப்ரிட்ஜ் போச்சு!" சிவசங்கரன் கட்டில் சட்டத்தில் தட்டினார். "எவிடன்ஸ் எங்கே? குறுக்கு விசாரணை எங்கே? தலையைச் சீவினாலும் நான் ஒரு கோர்ட்டுல நின்னு சத்தியம் பண்ண மாட்டேன். சாமியைச் சாட்சிக்கூண்டுல ஏத்தறவன் அறிவைக் கீழே இறக்கிட்டான்னு அர்த்தம். தியாக்ரஸி! தியாக்ரஸி!"

பத்துப் பதினைந்து நாளாக இதே கச்சேரிதான். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால், குளிப்பதற்கு முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் டிரைவர் சுஐபு அவரைச் சைட்டில் தேடிக்கொண்டு வந்தான். மஹ்மூது சனிக்கிழமை காலையில் அவரைத் தனியாக வரச்சொன்னாராம்.

"எதுக்குப்பா?"

"உங்க ஃபேமிலி விசா பேப்பர் அவரு மேஜையிலதான் கெடக்கு சார். பேனாவை எடுத்தாரு, மறுபடி வெச்சிட்டாரு. அந்த ஆளு ஏதோ அரசாங்கத்தைப் பத்திப் பேசறானாமே, கேட்டுட்டுப் போடறேன்னாரு."

சிவசங்கரனுக்கு ஜனவரியிலும் வேர்த்தது. திருச்சியில் அவர் மனைவி ஜலஜா பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டாள். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. கட்டிலையும் பீரோவையும் தங்கைக்குக் கொடுத்தாகிவிட்டது. விசா வராவிட்டால் தாயும் மகளும் நிற்க இடமில்லை. அரசாங்கத்தைப் பற்றிப் பேசினான் என்று எழுதிவிட்டால் அவருக்கே இங்கே நிற்க இடமில்லை.

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளாட்டில் மூன்று பேர். அவரைக் கழித்தால் இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் கண்கள் வேலை செய்தன. ஹபீப் அன்றைக்கு அவருக்குக் கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தான். ஏன்? தியாகராசா டீ போட்டுத் தரவில்லை. அதுவும் ஏன்? ஜும்மா தொழுகைக்குப் போன ஹபீப் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். மஹ்மூதும் அதே பள்ளிவாசல்தான். ஆபீஸில் தியாகராசாவின் டைப்ரைட்டர் மஹ்மூதின் அறைக்கு நேர் எதிரே. போன வாரம் மஹ்மூது தியாகராசாவுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்திருந்தார். அந்தப் பழத்தில் பாதியைத் தின்றது தாம்தான் என்பது சிவசங்கரனுக்கு நினைவு வந்தது. ஆனால் அது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பொழுது சாய்வதற்குள் பொறுமை போய்விட்டது. இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"உங்கள்ள யாரு மேல போய்ச் சொன்னது?"

"எதை?" என்றான் ஹபீப்.

"எதைன்னு கேக்கறவன்தான் முதல் சந்தேகத்துக்குரியவன்."

விஷயத்தைச் சொன்னார். ஹபீப்புக்கு முகம் விழுந்துவிட்டது. "அண்ணே, ஒங்க சோத்துல நான் மண்ணள்ளிப் போடுவேனா? எனக்கும் ஊர்ல பொண்டாட்டி புள்ள இருக்கு. வல்லாஹி, நான் ஒரு வார்த்தை சொல்லல."

"அதுதான் வேண்டாங்கறேன்! சத்தியத்தை வெச்சு உண்மையைக் கண்டுபிடிக்கிறது காட்டுமிராண்டிக் காலம். எனக்கு எவிடன்ஸ் வேணும்."

"சொல்லலைங்கிறதுக்கு என்ன எவிடன்ஸ் காட்டுறது?"

"அது உன் பாடு."

"நல்லூர்க் கந்தன் மேலை ஆணையா நானும் சொல்லேல்லை," என்றார் தியாகராசா. "மனுசர் கதைக்கிறதை நம்ப மாட்டியள், சாமியையும் கூப்பிட வேண்டாம் எண்டுறியள். அப்ப ஆர்தான் வந்து உங்களுக்குச் சாட்சி சொல்லுறது?"

"கந்தன் இங்க வந்து கையெழுத்துப் போடுவாரா?"

ஹபீப் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். அன்றைக்குச் சமையல் முறை அவனுடையது. மூவரும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அட்டை சாத்திய ஓட்டையில் காற்று ஊளையிட்டது.

சனிக்கிழமை காலை மஹ்மூது எழுந்து கை கொடுத்தார். பேப்பர் மேஜையில்தான் இருந்தது. ஜலஜாவின் போட்டோ மேலே, பெண்ணின் போட்டோ கீழே. பேனா மூடியபடி பக்கத்தில் கிடந்தது.

"யார் சார் உங்களிடம் என்னைப் பற்றிச் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் சிவசங்கரன். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் போக அவருக்கு மனமில்லை.

மஹ்மூது வியப்போடு பார்த்தார். "நீதான். நான் உன் தலைக்கு மேலே குடியிருக்கிறேன். உன் ஏ.சி. ஓட்டை என் ஜன்னலுக்கு நேர் கீழே. பதினைந்து நாளாக ஒரு மனிதன் கத்துகிறான். உன் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் தியாக்ரஸி என்கிறான், ஷேக் என்கிறான், மறுபடி தியாக்ரஸி என்கிறான். நான் தூங்க வேண்டாமா?"

சிவசங்கரனுக்கு ஹபீப் போட்டுக் கொடுத்த டீ ஞாபகம் வந்தது.

"என் கேள்வி இதுதான்," என்றார் மஹ்மூது. "இந்தக் கையெழுத்தைப் போட்டால் உனக்கு நான் பொறுப்பு. இந்த அரசாங்கத்தைத் தியாக்ரஸி என்று சொன்னாயா?"

சிவசங்கரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த அரசாங்கம் எப்படி சார் தியாக்ரஸி ஆகும்? தியாக்ரஸி என்றால் மதகுருமார்கள் ஆள வேண்டும். இங்கே இமாமுக்கே அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. ஷரீஅத் சாசனத்தில் ஒரு முக்கிய ஆதாரம். ஒரு ஆதாரம். ரவுண்டபவுட் விதிகளெல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தவை. இது மன்னராட்சி."

மஹ்மூது தலையை ஆட்டினார். "நன்றாகப் படித்திருக்கிறாய். அப்படியானால் பதினைந்து நாளாக எந்த நாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாய்?"

"சிலோன்," என்றார் சிவசங்கரன். "எங்கள் அறையில் ஒரு சிலோன்காரர் இருக்கிறார். அவர்கள் சாசனத்தில் புத்த மதத்துக்கு முதலிடம். அவருக்காக வருத்தப்பட்டேன்."

"ஷேக் என்றாயே?"

"இங்கே எப்படி இல்லை என்று ஒப்பிட்டுக் காட்டினேன்."

மஹ்மூது நாற்காலியில் சாய்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் மொழி தெரியாததால் என்னிடம் சாட்சி இல்லை," என்றார் நிதானமாக. "சாட்சி இல்லாவிட்டால் எங்கள் வழக்கம் என்ன என்று உனக்குத் தெரியும். நீ மறுக்கிறாய். அதனால் சொல்ல வேண்டியது நீ. உன் சாமி மேல் சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

சிவசங்கரன் ஜலஜாவின் போட்டோவைப் பார்த்தார். திருச்சியிலிருந்து சமயபுரத்தாள் ஒருகணம் எட்டிப் பார்த்தாள். அவளை இதில் இழுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கதவு லேசாகத் திறந்திருந்தது. அதற்கு அப்பால் தியாகராசாவின் டைப்ரைட்டர் தட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, அந்த அறையின் ஏ.சி. அதனிடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இருந்தது.

வலது கையை நெஞ்சில் வைத்து, "வல்லாஹி," என்றார் மெதுவாக.