மூன்றாவது பெட்டி

பொருள் என்னவென்று சொன்னால்தான் விற்க முடியும். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனியின் முதல் ஐந்து மாதங்கள் அதைச் சொல்வதிலேயே போயின.

தம்பி செய்திருந்தது இதுதான்: ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா, அதன் பின்னால் ஒரு கணினி. நல்ல பொருள் எப்படி இருக்கும், கெட்ட பொருள் எப்படி இருக்கும் என்று சில நூறு படங்களைக் காட்டிவிட்டால், அதன்பிறகு அதுவே பார்த்துப் பிரிக்கும். நல்லதற்குப் பச்சை விளக்கு, கெட்டதற்குச் சிவப்பு. ஆனால் தம்பி இதை விளக்கத் தொடங்கினால் நிகழ்தகவில் ஆரம்பித்து, நரம்பு வலைப்பின்னலைச் சுற்றிக்கொண்டு விளக்குக்கு வந்து சேர்வதற்குள் எதிரே இருப்பவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பார்.

அச்சகம் நடத்தும் ஒருவர், வேலை நேரத்தில் யார் தூங்குகிறார்கள் என்று இது காட்டுமா என்று கேட்டார். பிளாஸ்டிக் மூடி செய்பவர், ரோபோவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் கொண்டுபோன பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு மருந்துக் கம்பெனியில் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏஐ எங்களிடமும் இருக்கிறதே என்று போனை எடுத்து, அதனிடம் ஒரு பிறந்தநாள் வாழ்த்து எழுதி வாங்கிப் படித்தும் காட்டினார்கள். வாழ்த்து நன்றாகத்தான் இருந்தது.

அக்கா ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பதினான்கு வருடம் விற்பனைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் தன் நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. ஒரே ஒரு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டாலும் திரும்பிப் போகமாட்டேன், போடாவிட்டால் போய்விடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். அந்த ஒருவர் தம்பியின் சிநேகிதனாக இருக்கக் கூடாது என்பது மட்டும் அவள் கணவரின் நிபந்தனை. அவள் போய்விட்டால் தம்பி மட்டும் மிஞ்சுவான். தான் மட்டும் மிஞ்சினால் கம்பெனி நடக்காது என்பதைத் தம்பியே ஒப்புக்கொண்டிருந்தான். அவன் ஒப்புக்கொண்ட விஷயங்கள் மிகக் குறைவு.

பன்னிரண்டாவதாகக் கிடைத்ததுதான் பீங்கான் கோப்பைத் தொழிற்சாலை. ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் வெள்ளைக் கோப்பை செய்கிற இடம். முதலாளி அறுபதைத் தொடுகிற மனிதர். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உண்மையிலேயே காத்திருந்தார். அக்காவுக்கு அதுவே பாதி வெற்றியாகத் தெரிந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஓட்டிக் காட்டுங்கள் என்றார். மறுநாள் சனிக்கிழமை மதியம் அவர் ஒரு மாதத்துக்கு மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். பிடித்திருந்தால் அதற்குள் கையெழுத்து. அக்காவின் திங்கட்கிழமை அதற்கு இரண்டு நாள் கழித்து.

இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முந்நூறு நல்ல கோப்பையும் முந்நூறு கெட்ட கோப்பையும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தொழிற்சாலை மேலாளர் மறுநாளே அனுப்பிவிட்டார். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வந்தது. தம்பி பத்து நாள் அவற்றோடு குடித்தனம் நடத்தினான். வியாழக்கிழமை மாலை, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகச் சொல்கிறது என்று அறிவித்துவிட்டு முடி வெட்டிக்கொள்ளப் போனான்.

வெள்ளிக்கிழமை பெல்ட் ஓடியது. முதல் கோப்பைக்குச் சிவப்பு. இரண்டாவதற்கும் சிவப்பு. பத்தாவதுக்கும் சிவப்பு. இருபதைத் தாண்டியதும் மேலாளர் ஜன்னல் வெளிச்சத்தைக் குறை சொன்னார், திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். சிவப்புதான். நாற்பத்தொரு கோப்பைகளில் ஒன்றே ஒன்றுக்குப் பச்சை எரிந்தது. முதலாளி அந்தக் கோப்பையை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இந்த ஃபேக்டரி இன்னிக்குக் காலையிலேருந்து செஞ்சது இந்த ஒரு கப்புதானா?"

தம்பி, இயந்திரம் சொல்வது சரிதான் என்றான். திரையில் ஒவ்வொரு கோப்பையையும் பெரிதாக்கிக் காட்டினான். விளிம்பில் ஊசிமுனை அளவு துளை. கைப்பிடிக்கு அடியில் மெருகுப் பூச்சு திரண்டு நின்ற இடம். மிளகைவிடச் சின்னக் கரும்புள்ளி. எல்லாம் உண்மை. உண்மையைக் காட்டிக்கொண்டே போகப்போக முதலாளியின் முகம் இறுகியது. அக்கா மேசைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தாள். அவன் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போனான்.

அப்போது சோதனை மேசையிலிருந்து அடக்கிய சிரிப்பு ஒன்று கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தொழிற்சாலையில் கண்ணாடியம்மா என்று பெயர். கண்ணாடி எப்போதும் கழுத்தில்தான் தொங்கும். கோப்பையைப் பார்க்க அதை அவர் மாட்டிக்கொண்டதே இல்லை. வயது அக்காவுக்குச் சமமாக இருக்கலாம். வெளியே போகிற ஒவ்வொரு கோப்பையும் பதினாறு வருடமாக அவர் கையைத் தாண்டித்தான் போகிறது. என்னம்மா சிரிப்பு என்று மேலாளர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். முதலாளியும் கேட்டபோதுதான் சொன்னார்.

"சார் அனுப்பினது ஷோரூம் அலமாரியில இருந்த கப்புங்க. கண்காட்சிக்குன்னு எடுத்து வச்சதுங்க."

மேலாளர் மறுக்கவில்லை. நல்ல கோப்பை கேட்டார்கள், நல்ல கோப்பை அனுப்பினேன் என்றார். வெளியாள் பார்க்கப் போகிற கோப்பை என்பதால், இருப்பதில் மிகச் சிறந்ததைத் தேடியெடுத்து, கழுவித் துடைத்து அனுப்பியிருக்கிறார். கெட்டது கேட்டதற்குப் பின்கட்டுக் குவியலிலிருந்து உடைசல்களை அள்ளிப் போட்டிருக்கிறார். ஆக, அந்த இயந்திரம் இந்த உலகத்தில் தேவர்களையும் பிணங்களையும் மட்டுமே பார்த்திருந்தது. சாதாரணக் கோப்பை ஒன்றைக்கூட அதற்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.

அப்படியென்றால் நிஜமாக எது தேறும், எது தேறாது என்று சொல்லுங்கள், அதையே கற்றுக்கொடுக்கிறோம் என்றாள் அக்கா. மேலாளர் சுவரைக் காட்டினார். 'குறையில்லாத கோப்பை மட்டுமே இந்த வாசலைத் தாண்டும்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கியது. வாசகம் முதலாளியுடையது. எவ்வளவு பெரிய புள்ளி குறை, எவ்வளவு சின்னது குறையில்லை என்று அவள் விடாமல் கேட்டாள். மேலாளர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கைப்பேசியைப் பார்த்தார். கண்ணாடியம்மா அடுத்த கோப்பையை எடுத்தார். நாளை பன்னிரண்டு மணிவரை நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்துகொண்டார்.

வீடு திரும்பும்போது காரைத் தம்பி ஓட்டினான். அக்கா பேசினாள். வண்டியை நிறுத்தும்வரை பேசினாள்.

சனிக்கிழமை ஏழரைக்கே அவள் சோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேள்வி கேட்டால் கண்ணாடியம்மா பலகையில் உள்ளதைத்தான் ஒப்பித்தார். அதனால் கேள்வியை விட்டுவிட்டு, மேசைக்கு மேலே தம்பியின் கேமராவைக் கட்டச் சொன்னாள். நீங்கள் எப்போதும் செய்கிறபடி செய்யுங்கள், நாங்கள் சும்மா பார்க்கிறோம் என்றாள்.

கண்ணாடியம்மாவின் கை வேகமாக ஓடியது. ஒரு கோப்பைக்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. வலது பக்கப் பெட்டி, இடது பக்கப் பெட்டி, பிறகு காலுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று. அரை மணி நேரத்தில் காலடிப் பெட்டிதான் முதலில் நிறைந்தது.

அது என்ன பெட்டி என்று தம்பி கேட்டான். மேலாளர் சூளைப் பக்கம் போயிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கண்ணாடியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அது ஆளைப் பொறுத்துங்க தம்பி."

ஒரு ஓட்டல்காரர் ஒவ்வொரு கோப்பையையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராம். அவருக்கு வலது பெட்டி. அலுவலகங்களுக்கு வாங்கிப் போடுகிறவர் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்; அவருக்குக் காலடிப் பெட்டி. புள்ளி கைப்பிடிப் பக்கம் இருந்தால் இன்னாருக்கு அனுப்பலாம், உதடு படுகிற இடத்தில் இருந்தால் யாருக்கும் கூடாது, அது இடது பெட்டி. சூளை சரியில்லாத வாரத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் சலுகை. அவர் இதையெல்லாம் ஒளித்துச் செய்யவில்லை. யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தம்பி அக்காவைத் தனியாக நடைபாதைக்கு அழைத்துப் போனான். நல்லது, கெட்டது என்று இரண்டைத்தான் இயந்திரத்துக்குச் சொல்ல முடியும். ஆளைப் பொறுத்தது என்று ஒரு வகையை வைத்தால் அது தொழில்நுட்பம் இல்லை, அரட்டை என்றான். அக்கா அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"நீ பெயிலாகாம இத்தனை வருஷம் படிச்சு வந்ததே அந்த மூணாவது பெட்டியிலதான்டா. போய் ஒரு மஞ்சள் விளக்கு மாட்டு."

அவன் மாட்டினான். காலையில் பிடித்த எண்ணூறு படங்களையும் கண்ணாடியம்மா போட்ட பெட்டிப்படியே பிரித்துக் கணினிக்குக் கொடுத்தான். பதினொன்றே முக்காலுக்கு அது தயார் என்றது. பன்னிரண்டுக்கு முதலாளி வந்தார். பயணப் பை வெளியே வண்டியில் இருந்தது.

பெல்ட் ஓடியது. பச்சை, மஞ்சள், பச்சை, சிவப்பு, மஞ்சள், மஞ்சள். கண்ணாடியம்மாவும் பக்கத்தில் நின்று தன் கணக்குக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐம்பது கோப்பையில் நாற்பத்தாறு இருவருக்கும் ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாத நாலில் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்த்து, தான் சொன்னது தப்பு என்று கண்ணாடியம்மா ஒத்துக்கொண்டார். முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டார். தம்பியின் தோளைத் தட்டினார். பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்டவர், அப்படியே நின்றார்.

"பச்சை சரி, சிவப்பு சரி. இந்த மஞ்சள் எது?"

மேலாளருக்குத் திடீரென்று சூளையில் வேலை இருந்தது. ஆனால் கதவுவரைதான் போக முடிந்தது. அக்கா கண்ணாடியம்மாவைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் பதினாறு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் தலையில் அது விழும். சொல்லாவிட்டால் முதலாளி பேனாவை உள்ளே வைத்துவிடுவார். இது உங்கள் தொழிற்சாலையில் ஏற்கெனவே நடக்கிற வேலைதான், நாங்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்று மட்டும் சொன்னாள். முதலாளி கண்ணாடியம்மாவின் பக்கம் திரும்பினார்.

"குறையில்லாததை மட்டும்தான் அனுப்பணும்னா லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் கிளம்பும், முதலாளி," என்றார் கண்ணாடியம்மா. "இது ரொம்பப் பார்க்காத ஆளுங்களுக்குப் போறது."

முதலாளி கோபப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவர் எப்போதோ இதை அறிந்து, அறிந்ததை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்தவர்போல இருந்தார்.

"இது அம்மா மனசுல இருக்கிறவரைக்கும் அனுபவம். ஸ்கிரீன்ல வந்துட்டா அது ஆதாரம், மேடம். நாளைக்கு எவனாவது வந்து படிச்சுட்டான்னா?"

மஞ்சளை எடுத்துவிடுங்கள், இரண்டு விளக்கு போதும் என்றார். அப்படியானால் மஞ்சள் கோப்பைகளைப் பச்சையில் சேர்ப்பதா, சிவப்பில் சேர்ப்பதா என்று அக்கா கேட்டாள். அதை மேலாளர் சொல்வார் என்றார். மேலாளர், அதைக் கண்ணாடியம்மாதான் சொல்ல வேண்டும் என்றார். கண்ணாடியம்மா, எழுத்தில் கொடுத்தால் சொல்கிறேன் என்றார். வெளியே வண்டிக்காரர் ஒரு முறை ஹாரன் அடித்தார்.

அக்கா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். தம்பியைக் கேட்காமலே பச்சையையும் மஞ்சளையும் அணைத்தாள். சிவப்பை மட்டும் விட்டுவைத்தாள். உடைந்தது, விரிசல் விட்டது, உதடு படும் இடத்தில் துளையுள்ளது: இவற்றை மட்டும் இயந்திரம் தள்ளிவிடட்டும், மற்றதெல்லாம் மேசைக்கு வரட்டும். நாள் ஒன்றுக்கு இரண்டாயிரம் கோப்பை கண்ணாடியம்மா கைக்கு வராமல் குறையும் என்றாள். எந்தப் பெட்டியும் எங்கேயும் பதிவாகாது.

கண்ணாடியம்மா யோசித்துவிட்டு, விரிசல் விட்டவைதான் விரலைக் கிழிக்கும், அது குறைந்தால் நல்லது என்றார். முதலாளி பேனாவைத் திறந்தார். ஒரு பெல்ட்டுக்கு, ஒரு வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, வெளியே நின்ற வண்டியின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி பெல்ட்டருகே அப்படியே நின்றிருந்தான்.

"ஒன்றரை வருஷ உழைப்பு, அக்கா. உடைஞ்ச கப்பு உடைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கு ஒரு மெஷினு."

"வித்துடுச்சில்ல," என்றாள் அக்கா. "அதைச் சொல்லு மொதல்ல."

அவன் சொல்லவில்லை. கேமராவை அவிழ்க்கத் திருப்புளியைத் தேடிக்கொண்டு போனான். கண்ணாடியம்மா காலடிப் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இதை நிரந்தரமாக மாட்ட எப்போது வருவீர்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை ஒன்பதரைக்குள் வந்தால் நல்லது, அன்றைக்குச் சூளை திறக்கிற நாள், அதற்குமேல் சூட்டில் இந்தப் பக்கம் நிற்கவே முடியாது என்றார்.

"ஒன்பதுக்கே வந்துடறேன்," என்றாள் அக்கா.