கட்டி தட்டாத பால்

என் நாத்தனார் அன்னம்மாள் நாலு பேர் நடுவில் "நாந்தான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக நான் பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது இந்தக் கமலவேணிக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மூத்த பெண் குமுதவல்லி பிறந்து இருபதாம் நாள் எனக்கு டைபாய்டு கண்டது. ஒரு மாதம் படுத்த படுக்கை. காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்தபோது மாரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அதுவரை ஊற்றிய பசும்பாலும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் பால் பவுடருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் பால் டின் கிடைப்பது குதிரைக்கொம்பு. சீட்டை நீட்டினால் கடைக்காரர் நாளைக்கு வா என்பார், நாளைக்குப் போனால் மறுநாள் வா என்பார். என் வீட்டுக்காரர் ராஜகோபால் தறியை விட்டு இறங்கி நாலு நாள் அலைந்து ஒரு டின் கொண்டு வந்தார்.

எனக்கு அதைக் கரைக்கத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லவில்லை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் பவுடரை அப்படியே கொட்டினேன். சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி கட்டியாகத் திரண்டது. வெளியே பிசுபிசுப்பு, உள்ளே காய்ந்த மாவு. புட்டியில் ஊற்றினால் கட்டி வந்து ரப்பர் ஓட்டையை அடைத்துக்கொண்டது. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுக் கதறியது. நாலு நாள் இந்தக் கூத்து நடந்தது.

அஞ்சாம் நாள் அன்னம்மாள் வந்து என் கையிலிருந்த ஸ்பூனைப் பிடுங்கினாள். அவள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷன் சீக்கிரம் போய்விட்டதால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்து, தாயில்லாத தம்பியையும் வளர்த்து ஆளாக்கியவள். அந்த வீட்டில் எனக்கு மாமியாரும் அவள்தான், நாத்தனாரும் அவள்தான். தறிக்கு ஏற்றும் பாவுக்குக் கஞ்சி கரைப்பதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை. விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழையை நீட்டிப் பிடித்து அரிசிக் கஞ்சி பூசுவார்கள். கஞ்சியில் ஒரு கட்டி இருந்தாலும் இழைகள் ஒட்டி அறுந்துபோகும். அன்னம்மாள் கஞ்சியில் கட்டி இருக்காது. அது மட்டுமில்லை, ஒரு பாவுக்கான மாவை இரண்டு பாவுக்கு வரவைப்பாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

கிண்ணத்தில் வெதுவெதுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பவுடரைத் தூவி, ஸ்பூனின் முதுகால் தேய்த்து மையாகக் குழைத்தாள். பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இளக்கி மெல்லிய துணியில் வடிகட்டினாள். பால் அப்படி வழுவழுவென்று இறங்கியது. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். கமலவேணி பாலில் வடகம் போட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து டின் அவள் மரப்பெட்டிக்குள் போனது. சாவி அவள் இடுப்பில். சமையலறையில் அவள் கரைத்துக் கொண்டுவந்து தருவாள், நான் புட்டியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு டின்னை ஒரு மாதம் ஓட்டினாள். டின் மேல் அளவெல்லாம் இங்கிலீஷில் போட்டிருந்தது, எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. புட்டியைப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று கெட்டியாகத்தான் இருக்கும். பிள்ளையின் கழுத்துத் துணியில் வழிந்து காய்ந்த இடம் மொடமொடவென்று விறைத்துப் போகும். டின் பால் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து அலசிப் போடுவேன்.

குமுதா தேறவில்லை. ஆறாம் மாதம் முகம் சுருங்கி, தொடைத் தோல் தொங்கிப் போனபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரம்மா பால் கரைக்கிறது என்று கேட்டார். அன்னம்மாள் நாக்கு கூசாமல் என்னைக் கை காட்டினாள்.

"இவதான் சார். எவ்ளோ சொல்லிக் குடுத்தாலும் வரல. கட்டி கட்டியா பூடுது."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பிடித்துக்கொண்டார். பெற்றவளே பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறாயே என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நாலாம் நாள் குமுதா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தெருவில் எனக்கு ஒரே பெயர்தான், பால் கரைக்கத் தெரியாமல் பிள்ளையை வாரிக் கொடுத்தவள். அன்னம்மாள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும், ஆனால் திட்டுக்குப் பயந்து சொன்ன பொய் என்றுதான் நினைத்தேன். அவள் கரைத்த பால் கெட்டியாக இருந்ததை நானே பார்த்தேனே. ஆகவே குற்றம் என்னுடைய அந்த நாலு நாள் கட்டிப் பால்தான், அதுதான் பிள்ளையின் குடலில் அடைத்துக்கொண்டது என்று நானே நம்பினேன். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் நம்பினார். கோவில் குளம் என்று எங்கு போனாலும் நான் கேட்டது ஒரே மன்னிப்பு, குமுதாவிடம்.

இந்த வருடம் அன்னம்மாளின் பெண் லோகாம்பாள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. அவளுக்கும் தாய்ப்பால் போதவில்லை. மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் வேலை, எங்கிருந்தோ பிடித்து நாலு நாலு டின்னாக அனுப்பினான். பேத்திக்கு அன்னம்மாள்தான் கரைத்தாள். அப்போது எனக்கு அஞ்சாம் மாதம். ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போது அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"இதுக்கும் நாந்தான் பால் கரைக்கணும்பா. இவ கையில குடுத்தா என்ன ஆவும்னு பாத்தோமே."

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே, ஆமாம் அக்கா, நீயே பார்த்துக்கொள் என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில், பெறுவதற்கு முன்பே என் பிள்ளை என் கையை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் கிணற்றடியில் லோகாம்பாள் குழந்தையின் துணிகளைத் துவைக்க உட்கார்ந்தேன். கழுத்துத் துணியில் பால் வழிந்து காய்ந்து மஞ்சளாக இருந்தது. கையில் எடுத்தேன், துணி துணியாகவே இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மெத்தென்று கையோடு மடங்கியது. அத்தனையும் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். ஒன்று கூட விறைக்கவில்லை.

ஈரக் கையோடு உள்ளே ஓடி என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். குமுதா கடைசியாகக் கட்டியிருந்த கழுத்துத் துணியை நான் துவைக்கவில்லை. அவள் வாசனை போய்விடும் என்று அப்படியே எடுத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கினால் அட்டை மாதிரி நிமிர்ந்து நின்றது. வெள்ளைப் பொருக்கில் ஒரு துளி பெயர்த்து, எச்சில் தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தேன். ஏழு வயதிலிருந்து நான் பாவுக்குக் கஞ்சி பூசுகிறவள். அது கஞ்சி. என் பிள்ளைக்கு அவள் பாவுக் கஞ்சியைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அடிப்பாவி என்று கத்திக்கொண்டு போய் அவள் கொண்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் கத்தினால் என்ன ஆகும்? பிள்ளை போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்பாள், தெருவும் ஆமாம் என்று சொல்லும். பதினேழு நாளில் லோகாம்பாளையும் குழந்தையையும் அழைத்துப் போகச் சம்பந்தி வீட்டார் வர இருந்தார்கள். வரட்டும் என்று இருந்தேன்.

அந்தப் பதினேழு நாளும் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே சுற்றினேன். பேத்திக்கு அவள் ஸ்பூன் ஸ்பூனாகத் தலை தட்டி நாலு போட்டாள். அடுப்போரம் இருந்த கஞ்சிச் சட்டியின் பக்கம் கை போகவே இல்லை. ஆக, அவளுக்குத் தெரியும். எப்போது தெரிந்ததோ, தெரியும். குழைப்பது எப்படி, எவ்வளவு சூடு, எப்போது இளக்குவது என்று எல்லாவற்றையும் நான் அவள் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அழைத்துப் போகிற நாள் வந்தது. சம்பந்தி மணியம்மாளும் கூட நாலு பெண்களும் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தெருப் பெண்களும் கூடிவிட்டார்கள். ராகு காலத்துக்கு முன் குழந்தைக்குப் பால் கொடுத்துக் கிளம்ப வேண்டும். அன்னம்மாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தியோடு பேச்சில் இருந்தாள். நான் கொண்டுவருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இரண்டு புட்டி கரைத்தேன். ஒன்றில் நாலு ஸ்பூன், சரியான அளவு. இன்னொன்றில் ஒரே ஸ்பூன், மிச்சத்துக்குத் துணியில் வடிகட்டிய அரிசிக் கஞ்சி. இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன, இரண்டிலும் ஒரு கட்டி இல்லை. முதல் புட்டியை உள்ளேயே வைத்துவிட்டு இரண்டாவதைக் கொண்டுபோய் அன்னம்மாள் கையில் கொடுத்தேன். நானே கரைத்தேன், கட்டி தட்டியிருக்கிறதா பாருங்கள் என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே சம்பந்தியிடம் பழைய வடகக் கதையை எடுத்துவிட்டாள். வழக்கம்போல ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு விரலால் தேய்த்தாள். விரல் நின்றது. மறுபடி தேய்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

நான் கை எட்டும் தூரத்தில் நின்றேன். அந்த ரப்பரை அவள் குழந்தையின் வாயருகே கொண்டுபோனால் தட்டிவிடத் தயாராக இருந்தேன். அந்தக் குழந்தை எனக்கு என்ன கெடுதல் செய்தது? ஆனால் அவள் கொண்டுபோக மாட்டாள் என்று எனக்குத் தெரியும். குழந்தை பசியில் வீறிட்டது. ஏன் கொடுக்கவில்லை என்று மணியம்மாள் கேட்டாள். சூடாக இருக்கிறது, வேறு கரைத்துக்கொண்டு வருகிறேன் என்று அன்னம்மாள் எழப் போனாள். நான் வழியை விடவில்லை.

"சூடு இல்ல அண்ணி. என் குமுதாவுக்கு நீங்க கரைச்ச மாதிரியே கரைச்சிருக்கேன். குடுங்க."

சொல்லிவிட்டு அந்தக் கழுத்துத் துணியை எடுத்து அவள் முன்னால் போட்டேன். அது விறைத்துக்கொண்டு கிடந்தது. எதிர் வீட்டு அங்கம்மாள் அதை எடுத்து மடக்கிப் பார்த்தாள், பொருக்கைத் தேய்த்துப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். எல்லாரும் தறிக்காரப் பெண்கள், யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துணி கை மாறி மாறிக் கடைசியில் தறியை விட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரரிடம் போனது. லோகாம்பாள் புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது?"

"இத உன் கொழந்தைக்குக் குடுக்காதடி," என்றாள் அன்னம்மாள். "கஞ்சி."

என் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். டின் கிடைக்கவில்லை, நாலு நாள் கூட வரட்டும் என்று கலந்தேன், கெட்டியாக இருந்தது, வயிறு நிறையும் என்று நினைத்தேன் என்று முனகினாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரே அண்ணி. யாரு கரைச்சது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

"நாந்தான்," என்றாள்.

நான் உள்ளே போய் நல்ல புட்டியைக் கொண்டுவந்து லோகாம்பாள் கையில் கொடுத்தேன். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது. அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது, அப்புறம் சொல்ல வாய் வரவில்லை என்று அன்னம்மாள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். மரப்பெட்டிச் சாவியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மாசியில் எனக்குப் பையன் பிறந்தான். பால் ஊறியது, போதவில்லை. டின் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து, இளக்கி, வடிகட்டி நானே கரைக்கிறேன். கரைத்ததும் அன்னம்மாளைக் கூப்பிட்டு அவள் புறங்கையில் ஒரு சொட்டு விடுவேன். தேய்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை. அக்காவை விட்டுவிடேன் என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். குமுதா நாலு மாதம் கஞ்சி குடித்தாள், நாலு மாதம் ஆகட்டும் என்றேன். அதற்குப் பிறகு விடுவேனா என்று எனக்கே தெரியாது.

இப்போதெல்லாம் கூப்பிட வேண்டியதில்லை. கிண்ணத்தில் ஸ்பூன் சத்தம் கேட்டதும் அவளே வந்து நின்று கையை நீட்டுகிறாள். சொட்டை விடுகிறேன். தேய்க்கிறாள்.

"பால்தான்," என்கிறாள்.

அதற்கப்புறம்தான் என் பிள்ளை குடிக்கிறான்.